பெட்டியில் பெயர் இல்லை: ஜெர்மனியில் ஒரு மாணவியின் முதல் 35 நாட்கள்

முதுகலைப் படிப்புக்காக ஜெர்மனி வரும் தமிழ் மாணவர்கள் திரும்பத் திரும்பச் சிக்கிக்கொள்ளும் இடங்களை ஒரே மாணவியின் முதல் ஐந்து வாரங்களாகக் கோத்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. தேதிகள், சட்ட விதிகள், கட்டணங்கள் 2025 குளிர்கால செமஸ்டர் நிலவரப்படி. நகரத்தின் பெயர் தேவையில்லை. ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கும் எந்தப் பல்கலைக்கழக ஊரிலும் இது இப்படியே நடக்கும்.

கிளம்பும்போது கையில் இருந்தவை

பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ. மாதம் 992 யூரோ வீதம் ஓராண்டுக்கு விடுவிக்கப்படும் பணம் அது. ஆறு மாத விசா, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், இந்தியப் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், கட்டி முடித்த செமஸ்டர் கட்டணம். ரொக்கமாக 500 யூரோ, ஃபாரெக்ஸ் கார்டில் 700 யூரோ. முதல் 14 இரவுகளுக்கு முன்பணம் கட்டிய ஒரு விடுமுறை வாடகை அறை. காகிதத்தில் பார்த்தால் எதுவும் விடுபடவில்லை. வந்தபின் ஏற்பட்ட சிக்கல்களுக்கான விதைகளில் மூன்று இந்தப் பட்டியலிலேயே இருந்தன: அறையின் தன்மை, கைப்பணத்தின் அளவு, பாஸ்போர்ட்டில் பெயர் அச்சாகியிருந்த விதம். நான்காவது, வந்து இறங்கிய தேதி.

முதல் நான்கு நாட்கள்

மாணவி ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்கியது அக்டோபர் 2, வியாழன் மாலை. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு கிலோ நெய்யும் பால்கோவாவும் குப்பைக்குப் போயின. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பால், இறைச்சிப் பொருள்களைச் சொந்த உபயோகத்துக்கும் கொண்டுவரக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். சாம்பார் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, காயவைத்து அரைத்த கறிவேப்பிலைப் பொடி எல்லாம் சிக்கலில்லாமல் வந்து சேர்ந்தன.

மறுநாள் அக்டோபர் 3, ஜெர்மனி ஒருங்கிணைந்த நாள், நாடு முழுவதும் விடுமுறை. அலுவலகம், வங்கி, மளிகைக் கடை எதுவும் இல்லை. சனிக்கிழமை கடைகள் திறந்தன, அலுவலகங்கள் திறக்கவில்லை. ஞாயிறன்று கடைகளும் மூடல். அது இங்கே ஆண்டு முழுவதும் உள்ள வழக்கம். பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் பெட்ரோல் பங்க்குகளும்தான் அன்றைக்குக் கைகொடுக்கும். ஆக, முதல் வேலை நாள் அக்டோபர் 6, திங்கள். வகுப்பு தொடங்கியது 13ஆம் தேதி. டிக்கெட்டை ஒரு வாரம் முன்னதாக, அதுவும் திங்கள் அல்லது செவ்வாயில் வந்து சேரும்படி எடுத்திருந்தால் வேலை நாட்கள் கிட்டத்தட்ட இரட்டிப்பாகியிருக்கும். விமானக் கட்டணத்தில் மிச்சம் பிடித்த தொகையைவிட இந்த நான்கு நாட்களின் மதிப்பு அதிகம்.

சனிக்கிழமை ஒரு தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டில் பிரீபெய்டு சிம் வாங்கினாள். அதை உயிர்ப்பிக்க அடையாளச் சரிபார்ப்பு வேண்டும். 2017 ஜூலையிலிருந்து இது கட்டாயம். வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைக் காட்டும் வழியில் முதல் இரண்டு முறையும் தோல்வி: விளக்கொளி பட்டுப் பாஸ்போர்ட்டின் பளபளப்பு எழுத்தை மறைத்தது. பகல் வெளிச்சத்தில் சன்னல் ஓரமாகப் பிடித்தபோது மூன்றாவது முறை முடிந்தது. அஞ்சலகத்துக்கு நேரில் போய்ச் சரிபார்க்கும் வழியும் உண்டு. வீடியோவில் இழுபறியானால் யோசிக்காமல் அங்கே போய்விடலாம்.

முகவரி என்ற முடிச்சு

ஜெர்மனியில் குடியேறுபவர் வீட்டில் புகுந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் தன் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்கு அன்மெல்டுங் என்று பெயர். பதிவு முடிந்ததும் தரும் மெல்டெபெஷைனிகுங் என்ற ஒரு பக்கச் சான்றுதான் மற்ற எல்லாக் கதவுகளுக்கும் சாவி. வங்கியில் அதைக் கேட்பார்கள், தங்கும் அனுமதிக்குக் கேட்பார்கள், வருமான வரி எண் அந்தப் பதிவை வைத்துத்தான் தானாகத் தபாலில் வரும்.

பதிவுக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும்: வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "இன்னார் இந்தத் தேதியில் இந்த முகவரியில் குடிவந்தார்" என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருவதுதான். 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிவுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது.

மாணவி எடுத்திருந்த விடுமுறை அறையின் உரிமையாளர் இந்தப் படிவத்தைத் தர மறுத்தார். சில நாட்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளில் இதுதான் பெரும்பாலும் நடக்கும். முன்பதிவு செய்யும்போதே "இந்த முகவரியில் அன்மெல்டுங் செய்ய முடியுமா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை விட்டதால் 13 நாள் போயிற்று.

அவள் சரியாகச் செய்த ஒரு காரியமும் இருக்கிறது. படிவம் கையில் இல்லாதபோதே, 6ஆம் தேதி காலையில் நகராட்சி இணையதளத்தில் நேரம் முன்பதிவு செய்தாள். கிடைத்த முதல் நாள் அக்டோபர் 29. வீடு கிடைத்த பிறகு பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்திருந்தால் அது நவம்பர் நடுவில் போய் நின்றிருக்கும். நேரத்தை முதலில் பிடித்துவிட்டு வீட்டைத் தேடுவதுதான் சரியான வரிசை. பிறர் ரத்து செய்யும் இடங்கள் காலை வேளையில் தளத்தில் தென்படும். தினமும் அலுவலகம் திறக்கும் நேரத்தில் ஒருமுறை பார்ப்பது பயன் தரும்.

வீடு தேடலில் ஒரு மோசடி அழைப்பும் வந்தது. நகர மையத்தில் பெரிய அறை, குறைந்த வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில், முன்பணம் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றார்கள். நேரிலோ வீடியோவிலோ பார்க்காத அறைக்கு ஒரு யூரோவும் அனுப்பக் கூடாது. அவள் அனுப்பவில்லை.

அக்டோபர் 16 அன்று மூவர் பகிர்ந்து வாழும் வீடு ஒன்றில் உள்வாடகை அறை கிடைத்தது. எல்லாம் சேர்த்து மாதம் 380 யூரோ, முன்பணம் 760. முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது என்பதால் இது வரம்புக்குள்தான். உள்வாடகையில் முதன்மை வாடகைதாரரே வீடு கொடுத்தவராகப் படிவத்தில் கையெழுத்திடலாம். அவரும் உடனே போட்டுக் கொடுத்தார். குடிபுகுந்த அன்றே சுவர், தரை, சன்னல், கட்டில் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஏற்கெனவே இருந்த கீறல்களை எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். வெளியேறும்போது முன்பணம் முழுதாகத் திரும்ப இந்தத் தாள் உதவும்.

தபால்பெட்டி

இந்த நிகழ்வில் அதிக நாட்களைத் தின்றது இதுதான். அதனால் இதைச் சற்று நின்று பார்ப்போம்.

ஜெர்மன் முகவரியில் தெருப்பெயர், கட்டட எண், ஐந்திலக்க அஞ்சல் குறியீடு, ஊர் இருக்கும். பெரும்பாலான கட்டடங்களில் வீட்டுக் கதவு எண் என்று ஒன்று கிடையாது. பன்னிரண்டு குடும்பம் வாழும் கட்டடத்தின் வாசலில் பன்னிரண்டு பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் விரல் அகலத்துக்கு ஒரு பெயர்ச் சீட்டு. தபால்காரர் கடிதத்திலுள்ள பெயரை அந்தச் சீட்டுகளோடு ஒப்பிடுவார். பொருந்தும் பெயர் இல்லையென்றால் "பெறுநரைக் கண்டறிய இயலவில்லை" என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். நம்மூரில்போல பக்கத்து வீட்டில் விசாரித்துக் கொடுக்கும் பழக்கத்தை நம்பி இருக்க முடியாது.

அக்டோபர் 7 அன்று மாணவி ஓர் இணைய வங்கியில் கணக்கு தொடங்கினாள். அடையாளச் சரிபார்ப்பை அஞ்சலகத்தில் முடித்தாள். இரண்டு நாளில் ஐபேன் எனும் வங்கிக் கணக்கு எண் மின்னஞ்சலில் வந்தது. கார்டு ஒரு கடிதத்திலும் பின் எண் வேறொரு கடிதத்திலுமாகத் தனித்தனியே தபாலில் வரும். அவற்றுக்காகக் காத்திருந்தாள். விடுமுறை அறைக் கட்டடத்தின் பெட்டியில் இருந்தது உரிமையாளரின் நிறுவனப் பெயர் மட்டும். இரண்டு கடிதங்களும் வங்கிக்கே திரும்பின. முகவரி தவறு என்று கருதி வங்கி கணக்கை முடக்கியது. அவளுக்கு விஷயம் தெரிந்தது 20ஆம் தேதி.

இங்கே இரண்டு பிழைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. முதலாவது, பெட்டியில் பெயர் ஒட்டாதது. தற்காலிக இடமானால் உரிமையாளரிடம் கேட்டு ஒரு சீட்டு ஒட்டலாம். முடியாதென்றால் கடித முகவரியில் தன் பெயருக்குக் கீழே சி/ஓ என்று எழுதி, பெட்டியில் ஏற்கெனவே உள்ள பெயரைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது, கார்டுக்காகக் காத்திருந்தது. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதப் பணத்தை விடுவிக்கக் கார்டு தேவையில்லை. கணக்கு விவரமாக ஐபேன் எண்ணே போதும். 9ஆம் தேதியே அதைக் கொடுத்திருந்தால், கணக்கு முடங்குவதற்கு முன் முதல் 992 யூரோ வந்து சேர வாய்ப்பிருந்தது.

ஒரே ஆள், மூன்று பெயர்

தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டுகளில் அடிக்கடி காண்பது: குடும்பப்பெயர் கட்டம் காலி, இயற்பெயர் கட்டத்தில் சொந்தப் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து இருக்கும். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப்பெயர் என்ற ஒன்று இல்லை. ஜெர்மன் இணையப் படிவங்களில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஆள் ஒவ்வொரு விதமாக நிரப்பிவிடுகிறார்.

இந்த மாணவி பல்கலைக்கழகத்தில் அப்பா பெயரைக் குடும்பப்பெயராகக் கொடுத்திருந்தாள். இன்சூரன்ஸில் முகவர் நிரப்பிய படிவத்தில் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகியிருந்தது. வங்கியோ பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளிலிருந்து எடுத்துக்கொண்டது. குடும்பப்பெயர் காலியாக இருக்கும்போது அந்த வரியில் இரண்டு சொற்களும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய்விடுகின்றன.

அடி முதலில் விழுந்தது சேர்க்கையில். மருத்துவக் காப்பீடு இருப்பதற்கான உறுதியை மாணவர் கையில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் எம்10 என்ற மின்னணுச் செய்தியாகப் பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக அனுப்பும். பெயர் வரிசை மாறியிருந்ததால் வந்த செய்தி எந்த மாணவரோடும் ஒட்டவில்லை. திங்களன்று அலுவலகத்தில் "காப்பீடு வரவில்லை" என்றார்கள். காப்பீட்டிலோ "அனுப்பிவிட்டோம்" என்றார்கள். இரு தரப்பும் சொன்னது உண்மை. அனுமதிக் கடிதத்தில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, எச் எழுத்தில் தொடங்கும் பல்கலைக்கழக எண் ஆகிய மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் காப்பீட்டுக்கு எழுதி, மீண்டும் அனுப்பச் சொன்னதும் இரண்டு நாளில் சரியாயிற்று.

ஊரிலேயே செய்யத்தக்க தீர்வு, பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து பெயரை இரண்டு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. விசாவுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பிக்கும் முன்பே செய்தால்தான் பயன். பாதியில் செய்தால் நான்காவதாக ஒரு பெயர் முளைக்கும். அதற்கு நேரமில்லாதவர்கள் ஒரு வடிவத்தைத் தேர்ந்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, எல்லாப் படிவத்திலும் எழுத்து மாறாமல் அதையே நிரப்ப வேண்டும். பெட்டியில் ஒட்டும் சீட்டில் இரண்டு சொற்களையும் எழுதினால், யார் எந்தப் பெயரில் அனுப்பினாலும் கடிதம் வந்து விழும்.

காப்பீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. 30 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான பொதுக் காப்பீடு மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. பாதி விலையில் தனியார் காப்பீடு என்று விளம்பரம் வரும். அதற்காகப் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதி வாங்கினால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. வயது வரம்புக்குள் இருப்பவர் அந்த விலக்கைத் தொடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காப்பீட்டு அட்டை வரத் தாமதமானால் அதுவரை மருத்துவரிடம் காட்ட ஒரு தற்காலிகச் சான்று கேட்டு வாங்கலாம்.

பணம் எங்கே இறுகியது

கைவசம் 1,200 யூரோ. முன்பணம் 760, அக்டோபர் பாதி வாடகை 190. இரண்டும் சேர்ந்து 950. மீதி 250 யூரோவில் இரண்டு வாரச் சாப்பாடு, போர்வை, தலையணை, பாத்திரம், சிம். 24ஆம் தேதி வீட்டிலிருந்து ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்ற வேண்டியதாயிற்று. நவம்பர் வாடகை மாதத்தின் மூன்றாம் வேலை நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். அது நவம்பர் 5, புதன்.

பிளாக்டு அக்கவுண்டில் பன்னிரண்டாயிரம் இருக்கும்போது கையில் காசில்லாமல் போவது வெளியே நின்று பார்ப்பவர்களுக்குப் புரியாது. அந்தப் பணம் உள்ளூர்க் கணக்கு இல்லாமல் நகராது. கணக்குக்குச் சில வங்கிகள் முகவரிச் சான்று கேட்கும். அந்தச் சான்றுக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு முன்பணம் வேண்டும். இந்த வட்டத்தைக் கைப்பணம்தான் உடைக்கும். எங்கள் கணக்கில், பிளாக்டு அக்கவுண்டைத் தவிர 2,000 முதல் 2,500 யூரோ உடனே எடுக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். பெரும்பகுதி ஃபாரெக்ஸ் கார்டில், 300 முதல் 500 வரை ரொக்கமாக. சிறிய பேக்கரி, துணி துவைக்கும் இயந்திரம் போன்ற இடங்களில் வெளிநாட்டுக் கார்டு எடுபடாமல் போகலாம்.

இணைய வங்கிக் கணக்கு முடங்கிய அன்றே மாணவி ஒரு வங்கிக் கிளைக்குப் போனாள். மெல்டெபெஷைனிகுங் கொண்டுவா என்றார்கள். அவள் பாசிஸ்கோன்டோ எனும் அடிப்படைக் கணக்குக்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட், விசா நகலோடு எழுத்தில் கொடுத்தாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும், நிலையான முகவரி இல்லாதவருக்கும்கூட, இந்தக் கணக்கு 2016 ஜூனிலிருந்து சட்ட உரிமை. வங்கி பத்து வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் இந்தக் கெடு ஓடாது. படிவம் கொடுத்தால்தான் ஓடும்.

28ஆம் நாள்

அக்டோபர் 29, காலை 9.20. பாஸ்போர்ட், விசா, வீட்டுப் படிவம், நிரப்பிய விண்ணப்பம். பத்து நிமிட வேலை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் யோசித்து நிரப்ப வேண்டியது: மதம். கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட் என்று எழுதினால், பின்னாளில் வேலைக்குப் போய் வருமான வரி கட்டும்போது அந்த வரியின்மேல் 8 அல்லது 9 சதவீதம் சர்ச் வரி பிடிப்பார்கள். கிறிஸ்தவ மாணவர்கள் இதைத் தெரிந்தே எழுதட்டும். இந்து, முஸ்லிம் மாணவர்களுக்கு இந்த வரி இல்லை.

சான்றைக் கையில் வாங்கியதும், அங்கேயே பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்தாள். நேராக வங்கிக்குப் போனாள். மறுநாள் கணக்கு திறந்தது. அன்றே ஐபேன், விசா நகல் இரண்டையும் பிளாக்டு அக்கவுண்ட் செயலியில் ஏற்றினாள். நவம்பர் 4 அன்று முதல் 992 யூரோ வந்தது. 5ஆம் தேதி வாடகை போனது.

தங்கும் அனுமதிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்திலும் விண்ணப்பம் போட்டாள்: பாஸ்போர்ட், புகைப்படம், சேர்க்கைச் சான்று, மெல்டெபெஷைனிகுங், காப்பீட்டுச் சான்று, பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, வாடகை ஒப்பந்தம். கட்டணம் 100 யூரோ. விசா முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு தாமதமானாலும் தங்கும் உரிமை தொடரும். அதற்கு இடைக்காலச் சான்று தருவார்கள். விசா தேதி தாண்டியபின் போடும் விண்ணப்பத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

வீட்டுக்குள் நடந்த சின்னச் சிக்கல்கள் விரைவில் தீர்ந்தன. சமையலறைக் கதவைத் திறந்துவைத்து மிளகாய் தாளித்தபோது நடைவழியில் புகை அலாரம் அலறியது. கதவைச் சாத்தி, சன்னலை முழுதாகத் திறந்து தாளித்தால் போதும். அலாரத்தை மூடி வைக்கக் கூடாது. குளிர் தொடங்கியதும் சன்னலைச் சாத்தியே வைத்ததில் மூலையில் ஈரம் பூத்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்து பத்து நிமிடம் சன்னலை விரியத் திறந்தால் ஈரம் நிற்காது. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம், மிக்ஸி கூடாது. அக்டோபர் 26 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனதால் ஊரோடு இடைவெளி மூன்றரை மணியிலிருந்து நாலரை மணியாயிற்று.

நவம்பர் 5 மாலை, இரண்டு சொற்களும் எழுதிய சீட்டு ஒட்டிய பெட்டியில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று பதினோரு இலக்க வரி எண். பகுதிநேர வேலையில் சேரும் நாளில் இதைக் கேட்பார்கள். ஆயுளுக்கும் ஒரே எண், ஆகவே படம் எடுத்துப் பத்திரப்படுத்தினாள். மற்றது வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ கேட்டு வந்தது. மோசடி என்று கிழித்துப் போடுபவர்கள் உண்டு. நினைவூட்டலும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும். இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒரு கட்டணம். வீட்டில் முதன்மை வாடகைதாரர் ஏற்கெனவே கட்டிவந்தார். அவருடைய ஒன்பது இலக்கக் கட்டண எண்ணைப் பதில் படிவத்தில் எழுதி அன்றிரவே அனுப்பிவிட்டு, தன் பங்கான 6.12 யூரோவை அவரிடம் கொடுத்தாள்.